சறுக்கல் பாடத்திட்டத்தில் இல்லை

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். தூத்துக்குடியில் பெட்ரோல் கிடைக்கவில்லை, டயர் கிடைக்கவில்லை, நல்ல அரிசி கிடைக்கவில்லை. தாராளமாகக் கிடைத்தவை கமிட்டிகள் மட்டுமே. அந்த வரிசையில் கடைசியாகப் பிறந்தது தென்கோடி மோட்டார் சாரதிகள் மேற்பயிற்சிக் கழகம். தலைவர் ராவ்சாகிப் அருமைநாயகம். லாரியோ பஸ்ஸோ ஓட்டிப் பழுத்த டிரைவர்கள் எல்லோரும் கழகத்தில் சேர்ந்து மேற்பயிற்சி பெற வேண்டும். முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை தருவார்கள். வில்லை இல்லாத டிரைவர் வருகிற கார்த்திகை முதல் துறைமுகக் கேட்டுக்குள் நுழைய முடியாது. புதிதாக ஓட்ட வந்தவர்களுக்கு இந்த விதி கிடையாது. மேற்பயிற்சி கொடுக்க அவர்களிடம் கீழே ஒன்றுமில்லையே என்று ராவ்சாகிப் விளக்கம் சொன்னார்.

டிரைவர்கள் எல்லோரும் ஏசினார்கள். உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிற அய்யாக்குட்டி மட்டும் சந்தோஷப்பட்டான்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஐப்பசி மழையில், உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில், அவனுக்கு முன்னால் வன்னியபெருமாளின் லாரி போய்க்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு மாடு வந்தது. வன்னியபெருமாள் பிரேக்கை மிதித்தான். லாரி நிற்கவில்லை. பின்பக்கம் மெதுவாக, யாரோ பிடித்துத் திருப்புகிற மாதிரி வலது பக்கம் வந்தது. அப்புறம் அப்படியே உப்புப் பாத்திக்குள் உருண்டது. வன்னியபெருமாளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. மாடு அங்கேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. தான் அந்த ஸ்டியரிங்கில் இருந்திருந்தாலும் அதே பிரேக்கை அதே மாதிரித்தான் மிதித்திருப்பான் என்று அய்யாக்குட்டிக்குத் தெரியும். அன்றிலிருந்து மேகம் கறுத்தால் அவனுக்கு வண்டியை எடுக்கவே பயம். வருஷக்கணக்காய் வண்டி ஓட்டுகிறவன் இதை யாரிடம் சொல்வான்? பெண்டாட்டி பிச்சம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"போய்க் கேளுங்க. படிச்சவுக நடத்துதாக. சறுக்குனா என்ன செய்யணும்னு அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள் பிச்சம்மாள்.

"அதுக்குத்தான் போறேன்" என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனான்.

கழகம் கடற்கரை ஓரம் ஒரு பழைய சங்குக் கிடங்கில் இருந்தது. கடலில் குளித்து எடுத்த சங்குகளைச் சதை அழுகிக் கழலட்டும் என்று வருஷக்கணக்காய்க் குவித்து வைத்திருந்த இடம். சங்குகள் போய்விட்டன, வாடை போகவில்லை. சுவரைத் தொட்டால் கையில் ஒட்டியது. ஈக்கள் கூட்டத்துக்கு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தன. மேடையில் மாலை போட்ட ஒரு ஸ்டியரிங் சக்கரம் நாற்காலியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ராவ்சாகிப் அத்தர் தோய்த்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு துவக்கவுரை ஆற்றினார்.

"சாரதிகளே, எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. அதுவே என் தகுதி. ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுவதைப் பற்றி நடுநிலையோடு பேச முடியாது. இருபது வருஷமாகப் பின் சீட்டில் உட்கார்ந்து சாரதிகளின் பிடரியைக் கவனித்து வருகிறேன். பிடரியைப் பார்த்தே ஒருவனுடைய குறைகளை என்னால் சொல்ல முடியும். உங்கள் பெரிய குறை அனுபவம். அனுபவம் என்பது என்ன? ஒரே தவறைத் தைரியமாகச் செய்யும் பழக்கம். ஆகவே முதலில் நீங்கள் மறக்க வேண்டும். அதிக அனுபவம் உள்ளவர்களுக்கு அதிக நாள் மறதி வகுப்பு."

அய்யாக்குட்டிக்கு அதில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே பட்டது. ஒரே தவறைத் தைரியமாகச் செய்கிற பழக்கம் என்ற பேச்சு அவன் நெஞ்சில் போய்த் தைத்தது. இவருக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்து வந்தார் பயிற்சி ஆசான் செல்வதுரை. முன்பு ஜட்கா குதிரைகளைச் சோதித்து லைசென்ஸ் கொடுக்கிற உத்தியோகத்தில் இருந்தவர். ஜட்காக்கள் குறைந்து போனதால் மோட்டாருக்கு மாற்றியிருந்தார்கள். அவர் டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவன் வாயையும் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். அப்புறம் காலைத் தூக்கச் சொல்லி உள்ளங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"பல்லு எதுக்குங்க?" என்று கேட்டான் இனிகோ. பஞ்சு லாரி ஓட்டுகிற கடற்கரைக்காரன்; வாய் கொஞ்சம் நீளம்.

"வயசு தெரிய" என்றார் செல்வதுரை.

"எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில்ல எழுதி வச்சிருக்காவ. கேட்டா சாமியார் சொல்லுவாரு."

"எழுத்தை நம்ப முடியாது. பல் பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்குப் போனார்.

மறதி வகுப்பு தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குக் கிளச் தெரியாது, எனக்குக் கியர் தெரியாது" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். திடீரென்று செல்வதுரை ஒருவன் காதருகே போய் ஹாரன் அடிப்பார். யாருடைய வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கப் போகிறதோ அவன் இன்னும் மறக்கவில்லை என்று அர்த்தம். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அய்யாக்குட்டியின் கால் ஒவ்வொரு தடவையும் போயிற்று. பகலில் வகுப்பில் மறந்துவிட்டு மிச்ச நேரத்தில் உப்பு லாரி ஓட்ட வேண்டியிருந்ததால் டிரைவர்கள் எல்லோருமே சிரமப்பட்டார்கள். ஒருவன் மறதி வகுப்பிலிருந்து நேரே போய் வண்டியை எடுத்து, எந்தக் காலை எதில் வைப்பது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே தடுமாறி, மீன் மார்க்கெட் சுவரை இடித்தான். கழகத்தின் முதல் வெற்றி என்று ராவ்சாகிப் அவனுக்குச் சால்வை போர்த்தினார்.

மறதியில் தேறியவர்கள் செய்முறைக்குப் போனார்கள். கிடங்கின் பின்னால் ஒரு லாரி இருந்தது. நாலு சக்கரமும் இல்லை. கருங்கல்லின் மேல் நின்றது. எஞ்சின் இருந்த இடத்தில் பூனை குட்டி போட்டிருந்தது. ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து வாயால் எஞ்சின் சத்தம் போட வேண்டும். கியர் மாற்றும்போது சத்தம் மாற வேண்டும். இனிகோ உதட்டைக் குவித்து அருமையாகச் சத்தம் போட்டு முதல் வகுப்பில் தேறினான். இருமல்காரர் ஒருவர் நடுவே இருமிவிட்டதால், வண்டியை ஆஃப் செய்துவிட்டதாக எழுதி அவரை மறதி வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

"பயிற்சிக்குன்னு சர்க்கார் பெட்ரோல் ஒதுக்குதாம்லா. அது எங்கன போவுது?" என்று அய்யாக்குட்டி கேட்டான்.

"தலைவர் காருக்கு" என்றார் செல்வதுரை. மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவே இல்லை. "தலைவர் ஊர் ஊராகப் போய் மேற்பயிற்சியின் அவசியத்தைப் பேசுகிறார். ஆழ்வார்திருநகரியிலே பேசினார், மணப்பாட்டிலே பேசினார். அவர் பேசாவிட்டால் பயிற்சி எப்படி நடக்கும்?"

ஐப்பசி நெருங்கியது. கடலுக்கு மேல் கறுப்பு கூடத் தொடங்கியது. அய்யாக்குட்டியால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரம் எழுந்து நின்றான்.

"ஐயா, ஒரு சந்தேகம். மழை ரோட்டுல பிரேக்கு போட்டா பின்பக்கம் சறுக்கிட்டு வருது. அப்பம் என்ன செய்யணும்?"

செல்வதுரை பாடத்திட்டத்தைப் புரட்டினார். ஸ்டியரிங்குக்கு மாலை போடும் முறை இருந்தது. மேலதிகாரியின் கார் வரும்போது ஒதுங்கும் முறை இருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து வணக்கம் சொல்வது தனிப்பாடமாக இருந்தது. சறுக்கல் இல்லை. "இது கொள்கை சம்பந்தப்பட்ட கேள்வி" என்று சொல்லி ராவ்சாகிப்புக்கு அனுப்பினார்.

ராவ்சாகிப் ஒரு துணைக் கமிட்டி போட்டார். கமிட்டி முந்திரிப்பருப்பும் காப்பியும் வைத்துக்கொண்டு பல தடவை கூடியது. முடிவை ராவ்சாகிப்பே கிடங்குக்கு வந்து அறிவித்தார்.

"கழகம் தொடங்கிய நாளிலிருந்து கழகத்தின் வண்டி ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை. ஆகவே முறையான பயிற்சி இருக்கும் இடத்தில் சறுக்கல் இல்லை என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. சறுக்கலைப் பற்றி வகுப்பில் பேசுவது சாரதிகள் மனத்தில் சறுக்கலை உண்டாக்கும். இனி அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. தவிர்க்க முடியாத சந்தர்ப்பத்தில் 'பக்கவாட்டு முன்னேற்றம்' என்று சொல்லலாம்."

எல்லோரும் கை தட்ட வேண்டியிருந்தது. அய்யாக்குட்டியும் தட்டினான். தட்டும்போது பாத்தித் தண்ணீரில் மூழ்கிய லாரியும், அதற்குள்ளிருந்து இழுத்து எடுத்த உடம்பும், வாய்க்குள் அப்பியிருந்த களிமண்ணும் கண்ணில் வந்தன. வெளியே போய்ச் சுவரோரம் குமட்டினான்.

பின்னாலேயே இனிகோ வந்தான். "வாடையா அண்ணாச்சி?"

"வாடை பழகிட்டுலே" என்றான் அய்யாக்குட்டி. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்குப் பயமா இருக்கு இனிகோ. இந்த மழைக்கு நான் அந்த ரோட்டுல போவ மாட்டேன்னு தோணுது. போவாட்டா கஞ்சிக்கு என்ன வழி? ஓட்டத் தெரிஞ்சவன்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்திருக்கேன். நேரா போற ரோட்டுல நேரா போவத் தெரியும், அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது."

இனிகோ கிண்டல் செய்யவில்லை. "எனக்கும் அம்புட்டுத்தான் தெரியும்" என்றான். "தருவைகுளத்துக்கு இங்கிட்டு களர் நெலம் கெடக்குல்லா. மாடு இல்ல, மனுசன் இல்ல, குழியும் இல்ல. மழ பேஞ்சா வழுவழுன்னு கெடக்கும். சறுக்கித்தான் பாப்பமே."

முதல் மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை இனிகோ பூசை முடித்துவிட்டு வந்தான். முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சியிடம், "வண்டிக்குக் கரி கேஸ் சரியா வருதான்னு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அய்யாக்குட்டி லாரியை எடுத்தான். பெட்ரோல் இல்லாத காலம். லாரியின் பக்கத்தில் உயரமான உலை பூட்டி, அதில் கரியை எரித்து வருகிற வாயுவில்தான் ஓடியது. கரி பற்றுவதற்கு ஊதுசக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இரண்டு பேர் முகமும் கறுத்துப்போயிற்று.

களர் நிலத்தில் முதல் தடவை வேகம் எடுத்துப் பிரேக்கை மிதித்தபோது அய்யாக்குட்டி கண்ணை மூடிக்கொண்டான். லாரி ஒரு முழு வட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. இனிகோ சிலுவை போட்டுக்கொண்டான்.

"கண்ணத் தொறந்துகிட்டுச் செய்யுங்க" என்றான்.

மறுபடி செய்தார்கள். மாறி மாறி உட்கார்ந்தார்கள். கால் பிரேக்கிலேயே இருந்தால் வண்டி பேச்சுக் கேட்பதில்லை என்பது முதலில் புரிந்தது. காலை எடுத்துவிட்டால் சக்கரம் உருள்கிறது. உருண்டால் பிடி கிடைக்கிறது. ஆனால் அந்தக் காலை எடுப்பதுதான் பெரும்பாடு. இத்தனை வருஷம் ஓட்டிய கால், ஆபத்து என்றதும் போய் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கலாம் என்று இனிகோ சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. தோணியில் சுக்கான் பிடித்த ஞாபகமாக இருக்கலாம். முதலில் அதிகமாகத் திருப்பி எதிர்ப்பக்கம் சுற்றினார்கள். குறைத்துத் திருப்பினார்கள். பொழுது சாயும்போது ஒரு தடவை பின்பக்கம் விலகியது, அய்யாக்குட்டியின் கால் தானாக மேலே வந்தது, கை திரும்பியது, லாரி தலையை ஆட்டிவிட்டு நேராகப் போயிற்று.

அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்தான். இனிகோ பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்து நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து, தருவைகுளத்தில் கருவாடு வாங்கிவிட்டு சைக்கிளில் செல்வதுரை வந்தார்.

விசாரணை கிடங்கில் நடந்தது. ராவ்சாகிப் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே பேசினார். "கழகத்துக்கு வெளியே, ஆசான் இல்லாமல், அனுமதி இல்லாமல், இரண்டு பேர் பக்கவாட்டு முன்னேற்றம் செய்திருக்கிறார்கள். அதைக் கற்றும் இருக்கிறார்கள். எல்லோரும் தாமாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கினால் கழகம் எதற்கு? நான் எதற்கு? யோசிக்கவே கூச்சமாக இருக்கிறது."

ஈக்கள் கைக்குட்டையைச் சுற்றிவந்தன.

தண்டனை சொல்லப்பட்டது. கற்றதை மறக்க வேண்டும். மறதி வகுப்பில் உட்கார்ந்து, "எனக்குச் சறுக்கத் தெரியாது" என்று சொல்லி, பிறகு தேர்வுக் கேள்விக்குச் சரியான விடை தர வேண்டும். தந்தால் வில்லை.

"சொல்லிட்டுப் போவம் அண்ணாச்சி. வாய்தான சொல்லுது, காலா சொல்லுது?" என்றான் இனிகோ.

மறதி வகுப்பில் மறுபடி உட்கார்ந்தார்கள். செல்வதுரை காதருகே ஹாரன் அடித்தபோது அய்யாக்குட்டியின் கால் இந்தத் தடவை பிரேக்கைத் தேடிப் போகவில்லை. பூரணமாக மறந்துவிட்டான் என்று அவர் எழுதிக்கொண்டார்.

தேர்வில் ராவ்சாகிப்பே கேட்டார். "ஈரச் சாலையில் உன் வண்டிக்குப் பக்கவாட்டு முன்னேற்றம் ஏற்பட்டால் என்ன செய்வாய்?"

"கழகத்துக்கு எழுதித் தெரிவிச்சு, பதில் வரும்வரை காத்திருப்பேன்" என்றான் அய்யாக்குட்டி. சொல்லிக் கொடுத்தபடி ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். வில்லையைச் சட்டையில் குத்தினார்கள். வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்று நெடுநேரம் வாய் கொப்பளித்தான்.

"என்னத்தத் தின்னிய?" என்று கேட்டாள் பிச்சம்மாள்.

"ஒண்ணும் திங்கல."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அய்யாக்குட்டி உப்பு ஏற்றிக்கொண்டு உப்பளத்து ரோட்டில் வந்தான். மூட்டைகளின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உப்புச் சுமக்கிற முத்துக்கனியும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு கார் வந்தது. ராவ்சாகிப்பின் கார். சறுக்கல் இல்லாத பயிற்சியைப் பற்றி எங்கோ பேசப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கார் டிரைவருக்குக் கழகம் தங்க முலாம் பூசிய வில்லை கொடுத்திருந்தது. லாரியைப் பார்த்ததும் அவன் பிரேக்கை மிதித்தான். மிதித்த காலை எடுக்கவில்லை. கார் குறுக்காகத் திரும்பி ரோட்டை அடைத்துக்கொண்டு வழுக்கி வந்தது.

அய்யாக்குட்டியும் மிதித்தான். பின்பக்கம் விலகுவது முதுகில் தெரிந்தது. மேலே பெண்கள் கத்தினார்கள். கால் மேலே வந்தது. கை திரும்பியது. லாரி ஒரு குலுக்கலோடு நேரானது. காரின் மட்கார்டை உரசிக்கொண்டு, ரோட்டின் ஓரத்து மண்ணை இடித்துச் சரித்தபடி தாண்டி, கொஞ்ச தூரம் போய் நின்றது. கார் பின்னோக்கி உப்புப் பாத்திக்குள் இறங்கியது.

அய்யாக்குட்டி இறங்கி முதலில் மேலே பார்த்தான். "எல்லாரும் இருக்கியளா?"

"இருக்கோம்" என்றாள் முத்துக்கனி. "ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

பாத்தியில் ராவ்சாகிப் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகை மிதந்தது. அய்யாக்குட்டியும் கார் டிரைவரும் கை கொடுத்து அவரைக் கரையேற்றினார்கள். மேலே வந்ததும் அவர் கண் அய்யாக்குட்டியின் வில்லையில் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"பார்த்தாயா? நம் பயிற்சி. ஒரு நொடியில் என்ன நிதானம். இந்தச் சாலையில், இந்த மழையில், கழகம் இல்லாவிட்டால் இந்தப் பெண்களின் கதி என்ன?" என்றவர், லாரியின் மேலே இருந்த பெண்களைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். "தாய்மார்களே..."

கார் டிரைவர் கை கட்டிக்கொண்டு நின்றான். மழை கொட்டியது. மேற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றி ராவ்சாகிப் பேச ஆரம்பித்தார். பேசப் பேச மீசையிலிருந்து களிமண் வழிந்து வாய்க்குள் போயிற்று, துப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

"யாருங்க இது? நனஞ்சுகிட்டு என்னத்தையோ படிக்காரு" என்று கேட்டாள் முத்துக்கனி.

அய்யாக்குட்டி வண்டியைச் சுற்றி வந்தான். லாரியின் பின்சக்கரத்தில் களிமண் கட்டிகட்டியாய் அப்பியிருந்தது. அப்படியே ஓட்டினால் மறுபடி வழுக்கும். சுரண்ட ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஒன்றும் இல்லை. சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றிக் குனிந்து, அதன் விளிம்பால் டயரின் வரிகளைச் சுரண்ட ஆரம்பித்தான். பித்தளை நல்ல கனம். மண் சுத்தமாக வந்தது.